மலைக்கு ரேஞ்ச் எப்போது வரும்? குமரி மாவட்டத்தில் இணையம் எட்டாத இடங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ இருப்பவர்களுக்கு இந்தக் கேள்விகள் தேவைப்படாது. பேச்சிப்பாறை அணைக்கு மேலே இருக்கும் காணிக்குடியிருப்புகள் (காணிப் பழங்குடியினர் வாழும் ஊர்கள்), கோதையாறு, குற்றியாறு பக்கத்து ரப்பர் தோட்டக் குடியிருப்புகள், கீரிப்பாறை, மாறாமலை, அப்புறம் தூத்தூர் வட்டாரத்திலிருந்து வாரக்கணக்கில் தங்கலுக்கு, அதாவது கடலிலேயே தங்கி மீன்பிடிக்க, போகும் படகுகள் ஆகிய இடங்களிலிருந்துதான் இவை திரும்பத் திரும்ப வருகின்றன. எனக்குத் தெரிந்தவரை நேராகப் பதில் சொல்லியிருக்கிறேன். மலையில் இணையம் நிற்பதும் நிற்காததும் கருவி எவ்வளவு புதியது என்பதைவிட மின்சாரத்தையும், மரத்தின் இலையையும், பழுது பார்க்க ஊரில் ஓர் ஆள் இருக்கிறாரா என்பதையும் பொறுத்தது என்று உறுதியாக நம்புகிறேன். பதில்களிலும் அந்த எண்ணம் தெரியும்.

எல்லா இடத்திலும் 5ஜி என்கிறார்கள். பேச்சிப்பாறைக்கு மேலே ஏன் ரேஞ்ச் இல்லை?

இரண்டு காரணம். முதலாவது மலை. செல்பேசி அலைக்கு நேர்ப்பார்வை வேண்டும். குலசேகரத்தில் நிற்கும் கோபுரத்தின் அலை ஒரு முகட்டில் முட்டிவிட்டால், அதற்குப் பின்னால் இருக்கும் பள்ளத்தில் இறங்குவது கடினம். அலைவரிசை கூடக்கூட இந்தச் சிக்கலும் கூடும். 700 மெகாஹெர்ட்ஸ் அலை ஓரளவு வளைந்தும் மரத்தை ஊடுருவியும் வரும். 5ஜிக்கு நகரங்களில் பெரிதும் பயன்படும் 3.5 கிகாஹெர்ட்ஸ் அலை அப்படி வராது.

இரண்டாவது பணம். சில பத்து வீடுகளுக்காகக் கோபுரம் கட்டினால் போட்ட முதல் திரும்பாது என்பது நிறுவனங்களின் கணக்கு. இந்தக் கணக்கு நாட்டுக்கே தெரிந்ததுதான். அதனால்தான் தொலைத்தொடர்பு நிறுவனங்களின் வருவாயில் 5 சதவீதம் ஒரு பொது நிதிக்குப் போகும்படி வைத்திருக்கிறார்கள். முன்பு அனைவருக்குமான சேவைக் கடப்பாட்டு நிதி என்றார்கள்; 2023 தொலைத்தொடர்புச் சட்டத்துக்குப் பிறகு அதன் பெயர் டிஜிட்டல் பாரத் நிதி. நாம் எல்லாரும் ரீசார்ஜ் செய்யும் பணத்தின் ஒரு பங்கு, எட்டாத ஊர்களுக்கென்றே எடுத்து வைக்கப்படுகிறது. ஆகவே கோபுரம் கேட்டு மனுக் கொடுக்கப் போகிறவர்கள் கூச்சப்படவே வேண்டாம். அது தயவு அல்ல.

ஊராட்சிக்கு ஃபைபர் வந்துவிட்டதாமே? அப்புறம் என்ன குறை?

ஊராட்சிகளுக்குக் கண்ணாடி இழை வடம் கொண்டுபோகும் திட்டத்துக்கு 2011-ல் ஒன்றிய அரசு ஒப்புதல் தந்தது. இப்போது அதன் பெயர் பாரத்நெட். தமிழ்நாட்டில் 2018-ல் அமைந்த தமிழ்நாடு ஃபைபர்நெட் நிறுவனம் இதைச் செய்கிறது. மாநிலத்தின் 12,525 ஊராட்சிகளையும் இணைப்பது இலக்கு.

ஆனால் வடம் முடிவது ஊராட்சி அலுவலகத்தில். சமவெளியில் அது பெரிய குறையில்லை. அங்கிருந்து தெருவுக்குள் கம்பி இழுத்துவிடலாம். மலையில் ஓர் ஊராட்சியே காட்டுக்குள் பல கிலோமீட்டர் விரிந்து கிடக்கும். தோட்டமலை போன்ற குடியிருப்புக்காரர்கள் அணை நீரைப் படகில் கடந்து வருகிறார்கள். அந்தக் கடைசித் தூரம்தான் உண்மையான வேலை. 2023 ஆகஸ்டில் பாரத்நெட்டுக்கு 1,39,579 கோடி ரூபாயில் திருத்திய திட்டம் வந்திருக்கிறது. ஊராட்சியோடு நிற்காமல், தேவை இருக்கும் சிற்றூர்களுக்கும் இணைப்பு போக வேண்டும் என்பது அதில் இருக்கிறது. மனு எழுதும்போது இந்தப் பகுதியைக் குறிப்பிட்டு எழுதுங்கள்.

அந்தக் கடைசிச் சில கிலோமீட்டரை எப்படிக் கடப்பது?

என் பதில்: ஃபைபர் முடியும் இடத்திலிருந்து திசை ஆன்டெனா வைத்துக் கம்பியில்லா இணைப்பு. இதில் மாயம் ஒன்றும் இல்லை. வீட்டு வைஃபை எந்த அலையில் ஓடுகிறதோ அதே 5 கிகாஹெர்ட்ஸ் அலைதான். வீட்டில் அது நாலாபுறமும் சிதறுகிறது. இங்கே ஒரு கிண்ண ஆன்டெனா அதை ஒரே திசையில் குவிக்கிறது. நேர்ப்பார்வை இருந்தால் ஐந்து, பத்து கிலோமீட்டர் எளிதாகப் போகும். 2018 அக்டோபரில் 5 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் 605 மெகாஹெர்ட்ஸ் அகலத்தை, அலைவரிசை உரிமம் இல்லாமல் பயன்படுத்தலாம் என்று இந்திய அரசு திறந்துவிட்டது. சக்தி வரம்புக்குள் இருந்தால் போதும்.

நம் மாநிலத்திலேயே இதற்கு நல்ல முன்னுதாரணம் உண்டு. 2000-களின் நடுவில் அரவிந்த் கண் மருத்துவமனை, கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்களோடு சேர்ந்து, தேனி மருத்துவமனையிலிருந்து கிராமத்துப் பார்வை மையங்களுக்கு இப்படித்தான் நீண்டதூர வைஃபை இணைப்புக் கொடுத்தது. ஊரில் இருந்தபடியே நோயாளி மருத்துவரிடம் வீடியோவில் பேசினார். தேனிச் சமவெளியில் நடந்தது குமரி மலையில் அப்படியே நடந்துவிடாது. இங்கே கவனிக்க வேண்டியவை வேறு.

முதலில் இடம். இரண்டு ஆன்டெனாவும் ஒன்றையொன்று பார்த்தால் மட்டும் போதாது. அலை செல்லும் பாதை வெள்ளரிக்காய் போல நடுவில் பருத்திருக்கும். 5 கிலோமீட்டர் இணைப்பில் நடுப்புள்ளியில் அதன் ஆரம் ஏறத்தாழ 8 மீட்டர். அதில் பாதிக்கு மேலாவது மரமோ பாறையோ நீட்டிக்கொண்டிருக்காமல் இருக்க வேண்டும். பள்ளத்தில் இருக்கும் குடியிருப்பு என்றால், இரண்டு பக்கமும் தெரிகிற ஒரு முகட்டில் நடுக்கம்பம் நட்டு, அங்கிருந்து இறக்க வேண்டும்.

அடுத்தது இலை. நம் ஊர் ரப்பர் மரம் டிசம்பர், ஜனவரி வாக்கில் இலை உதிர்க்கும். பால்வெட்டு குறைகிற அந்தக் காலத்தில்தான் ஆட்களும் ஓய்வாக இருப்பார்கள், வேலையும் நடக்கும். மொட்டை மரங்களுக்கு ஊடாக ஆன்டெனாவைத் திருப்பி, வேகம் அருமை என்று எழுதி வைத்துவிட்டுப் போவார்கள். தளிர் விட்டு மார்ச்சில் இலை முற்றியதும் இணைப்பு தடுமாறும். ஜூன் மழையில் இலை நனைந்ததும் படுத்துவிடும். ஏனென்றால் நனைந்த இலை 5 கிகாஹெர்ட்ஸ் அலையை நன்றாக உறிஞ்சும். ஆகவே அளவு எடுப்பது எப்போதும் இலை அடர்ந்த, மழை பெய்யும் காலத்தில் இருக்க வேண்டும். ஒப்பந்தக்காரர் ஜனவரியில் எடுத்த அளவைக் காட்டினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். மரம் ஆண்டுக்கு ஆண்டு வளரும் என்பதையும் கம்பத்தின் உயரத்தில் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

கடைசியாக இடி. சித்திரை, வைகாசியிலும் ஐப்பசியிலும் இந்த மலையில் விழும் இடி எல்லாருக்கும் தெரியும். இடிதாங்கி, நல்ல மண்தொடர்பு (எர்த்), கம்பியில் மின்னெழுச்சித் தடுப்பான் மூன்றும் இல்லாமல் முகட்டில் கருவி வைப்பது பணத்தைக் காட்டில் போடுவது.

சரி, வேகம் எவ்வளவு கிடைக்கும்? ஒழுங்காக அமைத்த இணைப்பில் 50 எம்பிபிஎஸ்ஸுக்கு மேல் சாதாரணமாகக் கிடைக்கும். ஒரு குடியிருப்பின் பள்ளிப் பிள்ளைகள், சுகாதாரப் பணியாளர், ரேஷன் கடை எல்லாருக்கும் சேர்த்து அது தாராளம்.

ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள் இணையம் வந்துவிட்டால் இந்தக் கம்பம், ஆன்டெனா எதுவும் வேண்டாமே?

செயற்கைக்கோள் இணையத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். பழைய முறையில் கோள் 35,786 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும். கேள்வி போய்ப் பதில் வரவே அரை வினாடி ஆகும், பேச்சு தடுக்கித் தடுக்கி வரும். ஸ்டார்லிங்க் கோள்கள் சுமார் 550 கிலோமீட்டரிலும் ஒன்வெப் என்ற இன்னொரு நிறுவனத்தின் கோள்கள் 1,200 கிலோமீட்டரிலும் சுற்றுகின்றன. தாமதம் ஒரு வினாடியின் நூறில் சில பங்காகிவிடும். வீடியோ அழைப்புக்கு இது போதும்.

ஒன்வெப்பில் நமக்குப் பெருமைப்பட ஒன்று இருக்கிறது. 2022 அக்டோபரிலும் 2023 மார்ச்சிலும் தலா 36 ஒன்வெப் கோள்களை ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏற்றியது இஸ்ரோவின் எல்விஎம்3 ராக்கெட். அதன் கிரையோஜெனிக் எஞ்சின் சோதிக்கப்பட்டது ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டினால் வரும் மகேந்திரகிரியில்.

உரிமத்தைப் பொறுத்தவரை ஒன்வெப், ஜியோ ஆகியவற்றுக்கு முன்பே கிடைத்துவிட்டது. ஸ்டார்லிங்குக்கு 2025 ஜூனில் தொலைத்தொடர்புத் துறை உரிமமும், ஜூலையில் விண்வெளித் துறையின் இன்-ஸ்பேஸ் அமைப்பின் அனுமதியும் கிடைத்தன. அலைவரிசை ஒதுக்கீடு, பாதுகாப்புச் சோதனை என்று அடுத்த படிகள் உண்டு. வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர் வாங்கி வரும் ஸ்டார்லிங்க் ஆன்டெனாத் தட்டை இங்கே வைத்து ஓட்டலாமா என்று கேட்கிறார்கள். கூடாது, அது சட்டச் சிக்கல்.

மலைக்கு இது பொருந்துமா? தட்டுக்கு வானம் அகலமாகத் தெரிய வேண்டும். கோள்கள் ஓடிக்கொண்டே இருப்பதால் ஒரு மூலையில் மரம் மறைத்தாலும் சில நிமிடத்துக்கு ஒருமுறை இணைப்பு அறுந்து அறுந்து வரும். ரப்பருக்கும் காட்டு மரத்துக்கும் நடுவே இருக்கும் வீட்டில் இது சின்னத் தடை இல்லை. கனமழையில் வேகம் குறையும். தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமும் பெய்கிற மாவட்டம் இது. மின்சாரமும் அதிகம் தின்னும், அதைக் கீழே தனியாகச் சொல்கிறேன். வீட்டுக்கு ஒரு தட்டு என்பது மலையில் நடக்காது. ஃபைபருக்கும் கோபுரத்துக்கும் எந்த வழியிலும் நேர்ப்பார்வை கிடைக்காத குடியிருப்பில், பள்ளித் திடல் போன்ற திறந்த இடத்தில் ஒரு தட்டு வைத்து எல்லாரும் பகிர்ந்துகொண்டால் பொருத்தமாக இருக்கும்.

பலூன், ஒளிக்கற்றை என்றெல்லாம் வந்ததே?

வானிலிருந்து இணையம் தரும் கூகுளின் லூன் பலூன் 2016-ல் இலங்கைக்கு மேலேயே பறந்தது. செலவு கட்டுப்படியாகவில்லை என்று 2021 ஜனவரியில் அந்தத் திட்டத்தை மூடினார்கள். அதன் கிளையாக வளர்ந்த தாரா, காற்றில் ஒளிக்கற்றை வழியாக 20 கிலோமீட்டர் வரை 20 ஜிபிபிஎஸ் அனுப்புகிறது. காங்கோ ஆற்றின் இரு கரைகளை இப்படி இணைத்திருக்கிறார்கள். ஆனால் மூடுபனியும் தாழ்ந்த மேகமும் ஒளியை மறைத்துவிடும். காலையில் மேகம் இறங்கி நிற்கும் நம் முகடுகளுக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கரண்ட் போனால்?

இணையம் கேட்டு வருபவர்களிடம் நான் முதலில் கேட்கும் கேள்வியே இதுதான். மழைக்காலத்தில் ஒரு மரம் கம்பியில் சாய்ந்தால் மலையில் மின்சாரம் திரும்ப நாளாகும்.

கணக்கு எளிது. திசை ஆன்டெனாக் கருவியும் ஒரு சிறு வைஃபை பெட்டியும் சேர்ந்து 10 வாட் எடுக்கும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 240 வாட்-மணி. 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி பேட்டரியில் 1,200 வாட்-மணி இருக்கும். ஈய பேட்டரி என்றால் பாதிக்கு மேல் இறக்கக் கூடாது. அப்போதும் இரண்டரை நாள் வெயிலே இல்லாமல் ஓடும். அதைத் திரும்ப நிரப்ப 100 வாட் சூரியத் தகடு ஒன்று, மழைக்கால மேகத்தை நினைத்து இரண்டாகப் போட்டால் நல்லது.

செயற்கைக்கோள் தட்டு 75 வாட் எடுக்கிறது என்றால் அதே நாளுக்கு 1,800 வாட்-மணி. பேட்டரியும் தகடும் ஏழெட்டு மடங்கு. மலைக்குத் தலைச்சுமையாகத் தூக்கிப் போக வேண்டிய ஊரில் இந்த வித்தியாசம் கருவியின் விலையைவிடப் பெரியது.

யார் பழுது பார்ப்பார்கள்?

ஊரில் ஒருவர். வேறு பதில் இல்லை. சென்னை ஐஐடியில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா குழு உருவாக்கிய கார்டெக்ட் கம்பியில்லாத் தொழில்நுட்பத்தை வைத்து, 2000-களின் தொடக்கத்தில் மதுரை மேலூர் பக்கம் கிராம இணைய மையங்கள் திறந்தார்கள். 35, 70 கேபிபிஎஸ் வேகம். அந்தக் காலத்துக்கு அது பெரிய காரியம். சில ஆண்டுகளில் பல மையங்கள் மூடப்பட்டன. மையம் நடத்தியவருக்குப் போதிய வருமானம் இல்லை, பழுது வந்தால் பார்க்க ஆள் வரவில்லை. வேலை செய்யும் நல்ல தொழில்நுட்பம்தான். அதைச் சுற்றி ஆளும் வருமானமும் நிற்கவில்லை.

குடியிருப்பிலேயே பிளஸ் டூவோ ஐடிஐயோ முடித்த இரண்டு பேருக்குக் கம்பம் ஏறவும், ஆன்டெனா திருப்பவும், பேட்டரி பார்க்கவும் பயிற்சி கொடுத்து மாதச் சம்பளம் கொடுக்க வேண்டும். இரண்டு பேர், ஏனென்றால் ஒருவர் ஊரில் இல்லாத நாளில்தான் இடி விழும். மாற்றுக் கருவி ஒன்று ஊரிலேயே பெட்டிக்குள் இருக்க வேண்டும்.

சாயாக்கடையில் வைஃபை விற்கலாமா?

தாராளமாக. 2020 டிசம்பரில் ஒப்புதல் பெற்ற பிஎம்-வாணி திட்டம் இதற்குத்தான். கடைக்காரர் உரிமமோ கட்டணமோ இல்லாமல் பொதுத் தரவு நிலையமாகச் சேர்ந்து, பத்து ரூபாய்க்கும் இருபது ரூபாய்க்கும் இணையம் கொடுக்கலாம். முன்பு இந்தக் கடைகளுக்கு இணைப்புக் கொடுக்கும் நிறுவனங்கள் வணிகக் கட்டணம் கேட்டதால் பலருக்குக் கட்டுப்படியாகவில்லை. 2025 ஜூனில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், வீட்டு இணைப்புக் கட்டணத்தைப் போல அதிகபட்சம் இரண்டு மடங்குதான் வாங்கலாம் என்று வரம்பு வைத்துவிட்டது. பேருந்து திரும்பும் இடத்துக் கடைக்கு இது ஏற்றது.

காட்டுக்குள் கம்பி இழுக்க வனத்துறை விடுமா?

இதைக் காணிக்குடியிருப்பு மக்கள் எல்லாரும் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். 2006 வன உரிமைச் சட்டத்தின் 3(2) பிரிவில், பள்ளி, சாலை, குடிநீர் என்று 13 பொது வசதிகளுக்கு வனநிலத்தை மாற்றிக் கொடுக்கலாம் என்று இருக்கிறது. அந்தப் பட்டியலில் மின்கம்பியும் தொலைத்தொடர்புக் கம்பியும் பெயர் சொல்லியே இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குள் நிலம், ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டக் கூடாது, கிராம சபை பரிந்துரைக்க வேண்டும், இவைதான் நிபந்தனைகள்.

பட்டியலில் கோபுரம் என்று தனியாக இல்லை. ஆகவே முதலில் வடத்தைக் கேளுங்கள் என்பேன். ஏற்கெனவே மின்கம்பம் போயிருக்கும் பாதையில் வடம் போனால் மரம் வெட்டவே வேண்டியிருக்காது. இடம் சரணாலயத்துக்குள் வந்தால் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி தனி அனுமதியும் கேட்பார்கள்.

பிஎஸ்என்எல் 4ஜி கோபுரம் வந்தும் என் போனில் எடுக்கவில்லையே?

போனைப் பாருங்கள். பிஎஸ்என்எல் 4ஜி 700 மெகாஹெர்ட்ஸில், அதாவது பேண்ட் 28-ல் ஓடும் இடங்களில் பழைய போன்கள் பலவற்றுக்கு அது எட்டாது. சிம்மும் 4ஜி சிம்மாக மாற்றியிருக்க வேண்டும். ரேஞ்சே இல்லாத 24,680 ஊர்களுக்கு 4ஜி கொடுக்க 2022 ஜூலையில் 26,316 கோடி ரூபாயில் ஒரு திட்டம் ஒப்புதல் பெற்றது. அந்தப் பொறுப்பு பிஎஸ்என்எல்லிடம்தான் இருக்கிறது.

கடலில் என்ன வழி? ஒக்கிக்குப் பிறகு ஏதாவது மாறியதா?

2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயலாக மாறியபோது, தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி படகுகள் பல நாட்களுக்கு முன்பே ஆழ்கடலுக்குப் போயிருந்தன. எச்சரிக்கை கரையில் ஒலித்தது. கடலில் இருந்தவர்களுக்குப் போய்ச் சேரவில்லை. வயர்லெஸ் செட்டுக்கு எட்டும் தூரம் குறைவு, செல்பேசி கரையை விட்டுச் சிறிது தூரத்திலேயே செத்துவிடும். இணைப்பு இல்லாததற்கு இந்த மாவட்டம் உயிரால் விலை கொடுத்திருக்கிறது.

அதன் பிறகு வந்தவை: 2019-ல் ஜெமினி என்ற கருவி. ககன் செயற்கைக்கோள் வழியாக வானிலை எச்சரிக்கையையும் மீன்வளத் தகவலையும் வாங்கி, ப்ளூடூத்தில் போனுக்குக் கொடுக்கும். ஆனால் ஒருவழி, கடலிலிருந்து பதில் அனுப்ப முடியாது. அடுத்தது இஸ்ரோ உருவாக்கிய இருவழி டிரான்ஸ்பாண்டர். படகு இருக்கும் இடத்தைக் கரைக்குச் சொல்லும், ஆபத்துச் செய்தியும் அனுப்பலாம். 1 லட்சம் படகுகளுக்கு இதைப் பொருத்தும் தேசியத் திட்டம் 2024 ஆகஸ்ட் 30 அன்று தொடங்கியது. இது இணையம் அல்ல, குறுஞ்செய்திதான். ஆனாலும் தங்கல் படகில் இதை அணைத்து வைக்காதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

கப்பல்களில் செயற்கைக்கோள் இணையம் வைக்க 2018-லேயே விதி வந்துவிட்டது. விலைதான் மீன்பிடிப் படகுக்கு எட்டவில்லை. மானியம் கொடுக்க வேண்டிய இடம் இதுதான் என்பது என் கருத்து. மலைக்கு வேறு வழிகள் உண்டு. கரையிலிருந்து பல நூறு கிலோமீட்டர் தள்ளி நிற்கும் படகுக்கு வானத்தைத் தவிர வேறு வழி இல்லை. துராயா, இரிடியம் செயற்கைக்கோள் போன்கள் இந்தியாவில் தடை செய்யப்பட்டவை, வாங்கி மாட்டிக்கொள்ளாதீர்கள்.

இணையம் வரும்வரை என்ன செய்வது?

100 நாள் வேலையில் 2023 ஜனவரியிலிருந்து வருகைப்பதிவே செயலி வழியாகத்தான் என்று ஆக்கினார்கள். ரேஞ்ச் இல்லாத இடத்தில் படம் எடுத்து வைத்து, ரேஞ்ச் கிடைத்ததும் ஏற்றலாம். ஏற்றத் தாமதமாகிக் கூலி நின்றால் எழுத்தில் முறையிடுங்கள். வசதி கொடுக்காமல் கட்டாயம் ஆக்கியது தொழிலாளியின் குற்றம் இல்லை. பணம் அனுப்ப யுபிஐ 123பே சாதாரண பட்டன் போனிலும் வேலை செய்யும். அதற்கு இணையம் வேண்டாம், பேசும் அளவுக்கு ரேஞ்ச் போதும்.

கிராம சபையில் என்ன எழுதிக் கொடுக்க வேண்டும்?

தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கிராம சபை கூடும். ‘இணைய வசதி செய்து தர வேண்டும்’ என்று ஒற்றை வரியில் எழுதினால் அது கோப்பில் தூங்கும். குடியிருப்பின் பெயர், வீடுகள் எத்தனை, பள்ளி அல்லது அங்கன்வாடி உண்டா, எந்த நிறுவனத்தின் ரேஞ்ச் எந்த இடத்தில் கிடைக்கிறது என்று எழுதுங்கள். நிறுவனங்கள் தங்கள் சேவைப் பரப்பு வரைபடத்தை இணையத்தில் வெளியிட வேண்டும் என்பது டிராய் விதி. வரைபடத்தில் உங்கள் ஊருக்கு வண்ணம் பூசியிருந்து நேரில் ரேஞ்ச் இல்லையென்றால், அந்தப் படத்தையே அச்செடுத்து இணையுங்கள். ஃபைபர் முடியும் இடத்திலிருந்து ஊருக்கு எவ்வளவு தூரம், நடுவில் எந்த முகடு, அங்கே போகப் பாதை உண்டா என்பதை காணிக்குடியிருப்பின் தலைவரான மூட்டுக்காணியிடமும் பால்வெட்டுக்காரர்களிடமும் கேட்டு எழுதுங்கள். எந்த அளவையாளரையும்விட அவர்களுக்கு அந்த மலை தெரியும். வனநிலம் என்றால் 3(2) பரிந்துரையையும் அதே தீர்மானத்தில் சேர்த்துவிடுங்கள். தீர்மான நகலில் முத்திரையும் தேதியும் வாங்கி, ஊராட்சி, மாவட்ட ஆட்சியர், மாவட்ட வன அலுவலர், பிஎஸ்என்எல் என நான்கு இடத்துக்கும் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.